வினாத் தொடுக்கும் மென்பொருள்: சஹானா காட்டும் வரலாறு

அறிவு வளர்ச்சிக்கு வித்தாக அமைவது வினா. நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அறுவகைப்படுத்தினார். மக்கள் தம்முள் நிகழ்த்தும் உரையாடலைக் கருதி எழுந்தது அவ்வகுப்பு. இன்றோ மனிதன் எந்திரத்தையும் வினவுகின்றான். எந்திரம் விடையிறுக்கும் விரைவைக் கண்டு வியப்போர் பலர். அதனிடம் கேட்கவேண்டிய வினா எவ்வாறு ஆக்கப்படுகின்றது என ஆராய்வோர் சிலரே. செய்நிரல் இயங்கிக்கொண்டிருக்கும் வேளையிலேயே, கேட்போரின் தேவைக்கு ஏற்பத் தரவுத்தள வினவல்களைத் தொடுக்கும் முறை எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதையும், அவ்வரலாற்றில் இலங்கை பெற்ற இடத்தையும் ஈண்டு நோக்குவாம்.

இம்முறையின் தேவையை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். புத்தளம் மாவட்டத்திற் கற்பிட்டிக் குடாநாட்டின் மேலைக் கரையில் அமைந்த சிற்றூர் தலவில. ஆங்குள்ள புனித அன்னம்மாள் திருத்தலத்தில் மார்ச், ஓகஸ்ட் மாதங்களில் நிகழும் பெருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவருமாகப் பல்லாயிரவர் திரள்வர். அத்தகையதொரு திரளிற் சிறுவன் ஒருவன் தவறிவிட்டான் எனக் கொள்வோம். தாய் அவன் பெயரையும் வயதையும் கூறித் தேடுவாள். வழியிற் கண்ட கடைக்காரருக்கோ அவன் அணிந்த சட்டையின் நிறமும் பேசிய மொழியுமே தெரியும். பெயர், தந்தை பெயர், வயது, பால், ஊர், மொழி, உடை, கண்ட இடம், கண்ட நாள், அறிவித்தவர் எனப் பத்து விவரங்கள் பதிவேட்டில் இருப்பின், அவற்றுட் சிலவற்றை மட்டும் கொண்டு கேட்கத்தக்க வினாக்கள் 1,023 ஆகும். வயது பத்து என்று கேட்பதும், எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டது என்று கேட்பதும் வெவ்வேறாதலின், இத்தொகை மேலும் பெருகும். இவையனைத்தையும் முன்கூட்டியே எழுதிவைத்தல் எச்செய்நிரலர்க்கும் இயலாது. ஆகவே, கேட்கப்படும் அந்நேரத்திலேயே வினாவை ஆக்கும் ஆற்றல் மென்பொருளுக்கு வேண்டியதாயிற்று.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1960களில் வழங்கிய தரவுத்தளங்கள் பெரும்பாலும் கிளைவிட்ட மரம்போலவோ பின்னிய வலைபோலவோ அமைந்தவை. அவற்றில் ஒன்றைத் தேடும் செய்நிரலர், அது கிடக்கும் இடத்துக்குச் செல்லும் வழியையும் படிப்படியாக எழுதவேண்டும். எதிர்பாராத வினா எழுந்தாற் புதிய வழியொன்றை எழுதியாகவேண்டும். 1970 இல், இங்கிலாந்திற் பிறந்து ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்திற் பணியாற்றிய எட்கார் கொட், தொடர்புநிலைத் தரவுத்தளக் கொள்கையை வெளியிட்டார். தரவுகளை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாகக் கருதி, வேண்டுவது யாது என்பதை மட்டும் கூறினால் அமையும். அதனை அடையும் வழியை எந்திரமே தேர்ந்துகொள்ளும் என்பது அக்கொள்கையின் உயிர்நிலை. 1974 இல் டொனால்ட் சேம்பர்லினும் றேமண்ட் பொய்சும் அதற்கென ஒரு வினவல் மொழியை வகுத்தனர். சீக்குவல் எனத் தொடக்கத்திற் பெயர் பெற்ற அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். எனச் சுருங்கி, 1986 இல் அமெரிக்க நியமமாகவும் 1987 இற் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது.

வினவல்களை முன்னரே எழுதி, எந்திரத்துக்கு ஏற்ற வடிவில் மாற்றிவைத்தல் ஒரு முறை. கேட்கும் வேளையில் ஆக்கி உடனே மாற்றுதல் மற்றொரு முறை. ஐ.பி.எம். ஆய்வாளர் அமைத்த 'சிஸ்டம் ஆர்' என்னும் சோதனைத் தரவுத்தளம் இவ்விரண்டுக்கும் இடமளித்தது. அச்சோதனையை மதிப்பிட்டு 1981 இல் வெளியிட்ட கட்டுரையில், உடனுக்குடன் எழும் வினவல்களைக்கூட மாற்றி இயக்குதல் பெருஞ்செலவாகாது என அவர்கள் காட்டினர். இயங்குநேரத்தில் வினாவை ஆக்குதல் இயலும் என்பது அங்ஙனம் உறுதியாயிற்று.

ஆயினும், ஆக்கும் முறையில் இடர் ஒன்று மறைந்திருந்தது. எஸ்.கியூ.எல். வினவல் என்பது எழுத்துகளாலாகிய ஒரு தொடரே. எந்த நிரல்கள் வேண்டும், எந்த அட்டவணையில் வேண்டும், எந்நிபந்தனைக்கு உட்பட்டவை வேண்டும் என்பன அதன் உறுப்புகள். செய்நிரலர் பலர் இவ்வுறுப்புகளைத் துண்டு துண்டாக எழுதி, பயனர் தட்டச்சிட்ட சொல்லை நடுவில் வைத்து ஒட்டினர். முதல் நிபந்தனைக்கு முன் இணைப்புச் சொல் வாராது, இரண்டாவதற்கு முன் வரவேண்டும் என்பன போன்ற சிறு நுட்பங்களில் அவர்கள் இடர்ப்பட்டனர். அது பொறுக்கத்தக்க தொல்லையே. பொறுக்கலாகாதது வேறொன்று.

போர்த்துக்கேயர் ஆட்சியின் சுவடாக இலங்கையின் மேலைக் கரையோரத்தே போர்த்துக்கேயக் குடும்பப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. டி'சில்வா, டி'கொஸ்தா போன்ற பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதுவோர் சிலர் முதலெழுத்தை அடுத்து ஒற்றை மேற்கோட் குறி இடுவர். எஸ்.கியூ.எல். மொழியில் ஒரு சொல் தொடங்குவதையும் முடிவதையும் காட்டுவதும் அதே குறிதான். ஆகவே ஒட்டிய வினவலில் டி'சில்வா என்னும் பெயர் புகுந்தவுடன், 'டி' என்பதோடு பெயர் முடிந்தது என எந்திரம் கொள்ளும். எஞ்சிய 'சில்வா' என்பதைக் கட்டளையின் பகுதியாகப் படித்துத் தடுமாறும். நேர்மையான பெயரே இவ்வாறு குழப்பம் விளைக்குமாயின், தீய நோக்குடன் இடப்படும் சொல் யாது செய்யும் எனச் சொல்லவேண்டா. பதிவேட்டை முழுவதும் காட்டு என்றோ, அழித்துவிடு என்றோ அச்சொல் ஆணையிடலாம். இத்தகைய ஊடுருவலை 1998 டிசெம்பரிற் 'பிராக்' என்னும் மின்னிதழில் ஜெப் பொரிஸ்டல் விளக்கியெழுதினார். நன்னூலார் வகுப்பைக்கொண்டு கூறின், அறியாவினாவாகத் தொடங்கியது கேட்போர் அறியாமலே ஏவல்வினாவாகத் திரிந்துவிடுகின்றது.

இதற்கு மாற்று ஒன்று முன்னரே இருந்தது. மதிப்பு வரவேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டு வினவலை முதலில் அனுப்பி, மதிப்பைப் பின்னர் வேறாக அனுப்புதலே அது. பெயர் எவ்வாறிருப்பினும் பெயராகவே கொள்ளப்படும், கட்டளையாக மாறாது. ஆனால், இம்முறை மதிப்புக்கு மட்டுமே காப்பளிக்கும். எத்தனை நிபந்தனைகள், எவை, எவ்வாறு இணைவன என்னும் வினவலின் வடிவமே மாறும்போது, வடிவத்தைப் பிழையின்றி ஆக்குதற்கு வேறு துணை வேண்டும்.

அத்துணையைப் பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் அளித்தது. நோர்வே நாட்டின் ஓல-யொகான் டால், கிறிஸ்தன் நியூகார்ட் என்பார் 1960களில் உருவாக்கிய சிமுலா மொழியிற் பிறந்தது அம்மரபு. 'பொருள்' என்பது தரவையும், அத்தரவின்மேல் நிகழும் செயல்களையும் ஒருங்கே கொண்ட ஓர் அலகு. வினவலையும் அத்தகைய பொருளாகக் கருதினால் யாது என்னும் சிந்தனை மெல்ல வளர்ந்தது. ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு பொருள். இரு நிபந்தனைகளின் இணைப்பும் ஒரு பொருள். இறுதியில் அப்பொருளே தன்னை எஸ்.கியூ.எல். தொடராக எழுதிக்கொள்ளும். மாட்டின் பவுலர் 2002 இல் வெளியிட்ட தம் நூலில் 'வினவற் பொருள்' என இதற்குப் பெயரிட்டு, மென்பொருள் வடிவங்களுள் ஒன்றாக விளக்கினார். யாவா மொழியில் 2001 இற் கெவின் கிங் தொடங்கிய ஹைபர்நேட்டும், 2007 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட லிங்க்கும் இவ்வழியிற் சென்றவையே.

இவ்வரலாற்றில் இலங்கையின் பெயர் துன்பத்தின் வாயிலாக இடம்பெற்றது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 35,000க்கு மேற்பட்டோரைக் காவுகொண்டது; இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். உறவினரைத் தேடுவோரும், முகாம்களில் இருப்போரும், உதவ வந்த அமைப்புகளும் ஒருவரையொருவர் அறியாது அலைந்த அந்நாட்களில், இலங்கைக் கணினி வல்லுநர் பலர் ஊதியம் கருதாது ஒன்றுகூடி ஒரு மென்பொருளை எழுதினர். சஞ்சீவ வீரவரண நிறுவிய லங்கா மென்பொருள் மன்றம் அம்முயற்சிக்கு நிலைக்களனாக விளங்கிற்று. சமிந்திர த சில்வா அதனை முன்னின்று வளர்த்தோருள் ஒருவர். 'நிவாரணம்' எனப் பொருள்படும் சிங்களச் சொல்லால் அதற்குச் சஹானா எனப் பெயரிட்டனர். காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, நிவாரண அமைப்புகளின் பதிவேடு, உதவி வேண்டுகோட் பதிவேடு என்பன அதன் முதன்மையான உறுப்புகள்.

பேரிடரின் அவசரத்தில் எழுந்த முதல் வடிவத்தைப் பின்னர் புதிதாகவே எழுதவேண்டியதாயிற்று. 2005 இற் பாகிஸ்தானிலும், 2006 இற் பிலிப்பைன்சிலும், அதே ஆண்டில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவிலும் நேர்ந்த இடர்களின்போது சஹானா பயன்பட்டது. சமூகநலனுக்கான திட்டம் என்ற வகையிற் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அளிக்கும் 2006 ஆம் ஆண்டுப் பரிசையும் அது பெற்றது. ஒவ்வோர் இடரும் ஒவ்வொரு வகை வினாவைக் கொண்டுவந்தது. ஒரு நாட்டிற் கேட்கப்பட்டது மற்றொரு நாட்டிற் கேட்கப்படவில்லை. ஒரு நாட்டில் இருந்த நிருவாகப் பிரிவு மற்றொன்றில் இல்லை.

2010 ஜனவரி 12 இல் ஹெயிட்டி நாட்டில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போது, பைதன் மொழியில் எழுந்த சஹானாவின் புதிய வடிவம் பணிக்கு வந்தது. பின்னர் 'ஈடன்' எனப் பெயர்பெற்ற அது, சிக்காகோவின் டிபோல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாசிமோ டி பியரோ 2007 இல் வெளியிட்ட வெப்டூபை என்னும் அடிப்படைமேற் கட்டப்பட்டது. வெப்டூபையில் ஒரு நிரலை எடுத்து, அதன் மதிப்பு எட்டினும் பெரிதா என எழுதினால், விடையாக உண்மை அல்லது பொய் வாராது. அவ்வினாவையே தாங்கிய ஒரு பொருள் வரும். அத்தகைய இரு பொருள்களை 'உம்' என்னும் குறியாலோ 'அல்லது' என்னும் குறியாலோ இணைத்தால் மூன்றாவது பொருள் தோன்றும். 'அன்று' என்னும் குறி அதனை மறுக்கும். பயனர் நிரப்பிய விவரங்கள்தோறும் ஒரு பொருளை ஆக்கிச் சேர்த்துக்கொண்டே செல்லலாம், நிரப்பாதவற்றை விட்டுவிடலாம். தெரிவு செய்க என்னும் ஆணை பிறக்கும் வரையில் தரவுத்தளத்துக்கு எதுவும் செல்லாது. அவ்வாணை பிறந்தபின், எந்தத் தரவுத்தளம் பின்னணியில் உள்ளதோ அதன் வழக்குக்கு ஏற்ப எஸ்.கியூ.எல். தொடர் எழுதப்படும், டி'சில்வாவின் மேற்கோட் குறியும் உரிய காப்புடன் இடம்பெறும்.

இதன் பெரும்பயன் வசதியன்று; பாதுகாப்பே. ஈடன் மென்பொருளிற் பயனர் எவ்வினாவை ஆக்கினும், அழிக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்ட பதிவுகளை விலக்கும் நிபந்தனையும், அப்பயனர் பார்க்க உரிமை பெற்ற பதிவுகளை மட்டும் அனுமதிக்கும் நிபந்தனையும் உடன் இணைக்கப்படும். வினா எழுத்துத் தொடராகவே இருந்திருப்பின், எங்கே எதனைச் செருகுவது என்பது ஐயத்துக்கிடமாகும். அது பொருளாக இருத்தலின், இணைத்தல் எளிதும் உறுதியுமாயிற்று. இடம்பெயர்ந்தோர் பட்டியலைத் தவறானவர் காணின் நேரும் தீங்கு சிறிதன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர்க்குப் புகலிடமான புத்தளம் மாவட்டத்தார்க்கு, பெயரும் முகாமும் எழுதிய ஏடு எத்துணை அருமையானது, எத்துணைக் காக்கப்படவேண்டியது என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இம்முறைக்குக் குறையும் உண்டு. செய்நிரலர் எளிதாக எழுதும் ஒரு வரி, பின்னணியில் நீண்டதும் மெதுவானதுமான வினவலாக விரிதல் கூடும். தாம் எழுதாத தொடரை அவர் காண்பதுமில்லை. ஆதலின் பிழையின் இருப்பிடத்தை அறிதலும் அரிதாகும். எனவே பொருள்களைக் கையாள்வோர் அவற்றின்கீழ் இயங்கும் எஸ்.கியூ.எல். மொழியையும் கற்றல் வேண்டும். மேலும், எத்துணை நுட்பமான வினாவும் பதிவில் இல்லாததைப் பெற்றுத் தராது.

சுருங்கக்கூறின், வரலாறு மூன்று படிகளைக் காட்டுகின்றது. முதற்படியில் வழியை மனிதன் எழுதினான். இரண்டாம் படியில் வினாவை எழுதினான். மூன்றாம் படியில் வினாவை எழுதும் விதியை எழுதினான். ஒவ்வொரு படியிலும் கேட்போரின் உரிமை விரிந்தது. முன்னர் செய்நிரலர் எண்ணிப்பார்த்த வினாவையே மக்கள் கேட்கலாம். இன்று, தமக்குத் தெரிந்த சிறிதைக்கொண்டு தாமே கேட்கலாம். இழந்தவரைத் தேடுவோர் கையில் முழு விவரமும் இருப்பதில்லை. அரைகுறையான அவ்வினாவையும் மதித்து ஏற்று, அதனைப் பிறர்க்குத் தீங்கு விளையாத ஒழுங்கில் தொடுத்தலே நல்ல மென்பொருளின் கடன். அக்கடனை அறிந்து செய்த முன்னோடிகளுள் ஈழநாட்டாரும் இருந்தனர் என்பது நம் மாணவர் மனத்திற் கொள்ளத்தக்கது.