சீதாவாக்கை ஆற்றைக் கடந்த ஓலைகள்

கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்ட வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் படையெடுப்பைப் பற்றியே பேசுவர். 1815ஆம் ஆண்டு சனவரி மாதம் 11ஆந் திகதி ஆங்கிலப் படைகள் நடக்கத் தொடங்கின. பெப்ரவரி 14ஆந் திகதி தலைநகரினுட் புகுந்தன. 18ஆந் திகதி அரசன் பிடிபட்டான். நாற்பது நாளும் நிரம்பவில்லை. போர்த்துக்கேயர் பலமுறை ஏறி வந்து அழிந்த மலைநாடு அது. ஒல்லாந்தர் தலைநகரை எரித்தும் நிலைகொள்ள முடியாத மலைநாடு அது. 1803ஆம் ஆண்டில் இதே ஆங்கிலேயர் தம் காவற்படை முழுவதையும் பலிகொடுத்து வெளியேறிய நாடும் அதுவே. பன்னிரண்டு ஆண்டுகளில் மலையின் உயரம் குறைந்துவிடவில்லை; காட்டின் அடர்த்தியும் தளர்ந்துவிடவில்லை. மாறியது ஒன்றே: 1815இற் படை வருமுன்னரே ஓலைகள் வந்துவிட்டிருந்தன.

அவ்வோலைகள் நடந்த வழி சபரகமுவைச் சீமையின் வழியாகும். இன்று இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களாக விளங்கும் அந்நிலம், கண்டியரசர் காலத்தில் சபரகமுவைத் திசாவனி, மூன்று கோறளை, நான்கு கோறளை எனப் பிரிந்திருந்தது. அதன் மேற்கு ஓரத்தில், அவிசாவளைக்கு அருகே, சீதாவாக்கை ஆறு ஓடியது. ஆற்றின் இக்கரை ஆங்கிலேயருக்கு; அக்கரை கண்டியரசனுக்கு. இக்காலத்தில் அவிசாவளையிலிருந்து உருவான்வெல்லை, எட்டியாந்தோட்டை நோக்கிச் செல்வோர் இருமருங்கிலும் இறப்பர் மரங்களையும் லயன் வரிசைகளையும் காண்பர். அக்காலத்தில் அங்கே காடும், காட்டினூடே ஒற்றையடிப் பாதையும், பாதையின் குறுக்கே முட்கதவமைந்த கடவத்தைகளும் இருந்தன. கடவத்தையைக் கடப்போர் எவராயினும் காவலருக்கு விடை கூறவேண்டும்.

ஆயினும் அவ்வாயிலை முற்றாக அடைத்துவிட எந்த அரசனாலும் முடியவில்லை. கண்டி இராச்சியத்துக்குக் கடற்கரை கிடையாது. உப்பும் கருவாடும் கரையோரத்திலிருந்தே வரவேண்டும்; பாக்கு அதற்கு ஈடாக இறங்க வேண்டும். ஆகவே வணிகனுக்குக் கடவத்தை திறந்தது. உப்புச் சாக்கைச் சுமந்தவன் ஓர் ஓலை நறுக்கையும் மடியில் வைத்துக்கொள்வதற்கு அதிக இடம் தேவையில்லை.

இனி, ஓலை எழுதியவர்களைப் பார்ப்போம்.

1739ஆம் ஆண்டு தொடக்கம் கண்டியை ஆண்டவர் நாயக்க மரபினர். கண்டியரசர் மதுரையிலிருந்து பெண் கொள்ளும் வழக்கத்தின் வழியே அரசுரிமை அம்மரபுக்கு வந்தது. தெலுங்கைத் தாய்மொழியாகவும் தமிழைப் பழகுமொழியாகவும் கொண்ட இக்குடும்பத்தார் கண்டியிற் புத்த சமயத்தைப் போற்றினர். சீயம் நாட்டிலிருந்து உபாலி தேரரை அழைப்பித்து, 1753ஆம் ஆண்டில் உபசம்பதைச் சடங்கை மீளவும் நிலைநாட்டியவன் இம்மரபைச் சேர்ந்த கீர்த்தி சிறீ இராசசிங்கனேயாவன். இருந்தும், அரசனிடம் மனக்கசப்புற்ற பிரதானிகளின் வாயில் எப்போதும் ஆயத்தமாக இருந்த சொல் ஒன்றுண்டு: இவன் அந்நியன். 1760ஆம் ஆண்டில் அதே கீர்த்தி சிறீயைக் கொல்ல எழுந்த சூழ்ச்சியிலும் இச்சொல் வழங்கிற்று. அரசன் நல்லவனாயிருக்கும்போது மறைந்து கிடந்து, பதவி பறிபோகும்போது வெளிவரும் சொல்லாக அது இருந்தது.

1798ஆம் ஆண்டில் இராசாதிராசசிங்கன் இறந்தபோது, முதல் அதிகாரியாகிய பிலிமத்தலாவை தன் விருப்பப்படி கண்ணுச்சாமி என்னும் இளைஞனை அரியணையேற்றினான். சிறீ விக்கிரம இராசசிங்கன் எனப் பெயர் பெற்ற இவனே கண்டியின் கடைசி அரசன். அவனை ஏற்றிய கையே அவனை இறக்கவும் முயன்றது. முடிசூட்டி ஈராண்டு செல்லுமுன்பே பிலிமத்தலாவை அவிசாவளையில் ஆளுநர் பிரெடரிக் நோர்த்தை மறைவிற் கண்டு, அரசனை ஒழித்தால் ஆங்கிலேயர் தனக்கு என் செய்வர் என்று வினவினான். நோர்த் கொலைக்கு உடன்படவில்லை. ஆனால் பேச்சையும் முறித்துக்கொள்ளவில்லை. அரசன் பெயரளவில் இருக்க, ஆங்கிலப் படை கண்டியிற் காவல் நிற்க, அதிகாரி ஆளலாம் என்பது அவன் கூறிய வழி. அவ்வழி 1803ஆம் ஆண்டின் போரிற் கொண்டுபோய் விட்டது. முத்துச்சாமி என்பவனை ஆங்கிலேயர் பொம்மையரசனாக்கினர். சூன் மாதத்தில் அவர்தம் காவற்படை அழிந்தது, முத்துச்சாமியும் கொல்லப்பட்டான். பிலிமத்தலாவை இரு தரப்பையும் ஏய்த்து மேலும் சில ஆண்டுகள் பதவியிலிருந்தான். ஈற்றில் அரசனுக்கெதிரான இன்னொரு சூழ்ச்சி வெளிப்பட, 1811ஆம் ஆண்டளவில் அவன் தலை வீழ்ந்தது.

நோர்த்தின் தோல்வியிலிருந்து பாடம் கற்றவர் ஒருவர் இருந்தார். அவர் ஜோன் டொயிலி. 1801ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இவ்விளைஞர், மாத்தறையிற் கரதொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் பயின்றார். அலுவலக மொழி அளவில் நில்லாமல், செய்யுளையும் வழக்காற்றையும் ஓலையெழுத்தையும் அறிந்துகொண்டார். தலைமை மொழிபெயர்ப்பாளராகிய பின்னர் கண்டியைப் பற்றிய செய்தியெல்லாம் அவருடைய மேசைக்கே வந்தது. உப்பு வணிகரும், பிக்குகளும், எல்லைப்புற ஊர்த்தலைவரும், தப்பி வந்தோரும் கூறியவற்றை நாள் தவறாமல் எழுதி வைத்தார். வந்தவன் யார், எந்த ஊரான், அரசனின் மாளிகையிற் கேட்டது யாது, எந்தப் பாதையில் எத்தனை பேர் காவல் என இவ்வாறு செல்லும் குறிப்புகள் அவை. 1810 முதல் 1815 வரையிலான அந்நாட்குறிப்பை 1917ஆம் ஆண்டில் கொட்ரிங்டன் பதிப்பித்து வெளியிட்டார். அதைப் படிப்போர் ஒரு பேரரசின் ஒற்று வேலை எவ்வளவு அமைதியாகவும் பொறுமையாகவும் நடந்தது என்பதைக் கண்டு வியப்பர். வாளோடு கண்டிக்குப் போனவர்களை விட இவர் செய்தது பெரிது.

பிலிமத்தலாவையின் இடத்துக்கு வந்தவன் எகெலப்பொல. முதல் அதிகாரியாக இருந்ததோடு சபரகமுவைத் திசாவையாகவும் அவன் விளங்கினான். ஆங்கிலேய எல்லையை ஒட்டிய சீமை அவன் ஆட்சியிலிருந்தது. அரசனின் மந்திராலோசனையில் முதலிடமும் அவனுக்கே. ஒரு நாட்டின் மறைபொருளும் அதன் வாயிற் கதவும் ஒருவன் கையிலேயே இருந்தன என்றால் நிலைமையை உணரலாம். அவனுக்கும் டொயிலிக்கும் இடையே ஓலைகள் நடந்தன. முதலில் நட்புரையும் பரிசுப் பொருளும், பின்னர் அரசன்மேல் முறைப்பாடும் உதவி வேண்டுதலும்.

அரசன் இதை அறியாதிருந்தான் என்று கூற இயலாது. அவன் ஐயம் நாளுக்கு நாள் முற்றியது. ஐயம் முற்ற முற்றத் தண்டனை கொடியதாயிற்று. தண்டனை கொடியதாக ஆக மேலும் பலர் எல்லை கடந்தனர். 1814ஆம் ஆண்டில் எகெலப்பொல தலைநகருக்குத் திரும்புமாறு வந்த கட்டளையை மீறிச் சபரகமுவையிற் கிளர்ச்சிக் கொடி உயர்த்தினான். ஆங்கிலேயர் படையுதவி தருவர் என்று அவன் நம்பியிருந்தான், அது வரவில்லை. புதிய அதிகாரியாகிய மொல்லிகொட தலைமையில் வந்த அரச படை கிளர்ச்சியை முறியடிக்க, அவ்வாண்டு மே மாதத்தில் அவன் ஆங்கிலேய எல்லைக்குள் ஓடினான்.

பிரதானிகளின் குடும்பத்தாரைத் தலைநகரிற் பிணையாக வைத்திருப்பது அக்கால வழக்கம். எகெலப்பொலவின் மனைவியும் பிள்ளைகளும் கண்டியில் இருந்தனர். சிறுவர்கள் கொலையுண்டனர், தாய் ஏரியில் அமிழ்த்தப்பட்டாள். இக்கொடுமையை எவரும் மறுப்பதற்கில்லை; மன்னிப்பதற்குமில்லை. ஆயினும் அவர்களை அங்கே விட்டுவிட்டு ஓலை எழுதியவனின் பொறுப்பையும் வரலாறு ஒதுக்கிவிடலாகாது. ஆங்கிலேயர் அச்செய்தியை நன்கு பயன்படுத்திக்கொண்டனர்.

அதே ஆண்டின் இறுதியில், கண்டி நாட்டிற் பிடிபட்ட பத்து வணிகர் ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு அங்கங்கள் அறுக்கப்பட்டனர். எழுவர் மடிந்தனர். மூவர் கொழும்புக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் வெறும் வணிகர் என்றே ஆங்கிலேயர் உலகுக்கு அறிவித்தனர். அவ்வாறே இருந்திருக்கவும் கூடும். ஆனால் வணிகரை ஒற்றராக்கிய ஏற்பாடு எவருடையது? சுமை தூக்கியவன் எல்லாம் ஓலை தூக்கியவனாக அரசன் கண்ணுக்குத் தோன்றும்படி செய்தது எது? மந்திரிகளும் ஆளுநரும் ஆடிய மறைவான ஆட்டத்தில் முதலில் வெட்டுண்டவர் உப்பு விற்றவர்களேயாவர்.

1815 சனவரியில் ஆளுநர் பிரவுண்றிக் போரறிவித்தபோது, படைகளுக்கு முன்னே டொயிலி சென்றார். சபரகமுவையில் எதிர்ப்பு இல்லை. எஞ்சியிருந்தது நான்கு கோறளையும் பலனைக் கணவாயும். அங்கே அரசனுக்காக நின்ற மொல்லிகொடவும் டொயிலிக்கு ஓலை எழுதிக்கொண்டிருந்தான்! தன் குடும்பம் கண்டியிலிருந்து தப்பி வரும்வரை போர் செய்வதுபோல் நிற்பது அவன் எண்ணம். எகெலப்பொலவின் வீட்டுக்கு நேர்ந்ததைக் கண்டவன் அல்லவா? குடும்பம் வந்து சேர்ந்தது. பெப்ரவரி 8ஆந் திகதி அவன் நான்கு கோறளையின் சூரிய சந்திரக் கொடியோடும், சீமையின் நிலமும் குடியும் கடமையும் எழுதிய லேகம் மிட்டி என்னும் ஏடுகளோடும் ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தான் என்பர். கொடியைப் பெற்றது வெற்றியாளருக்குப் பெருமை. ஏடுகளைப் பெற்றது ஆட்சி.

மார்ச் 2ஆந் திகதி கண்டி அரச மண்டபத்தில் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. டொயிலியே அதனை வரைந்தார் என்பர். பன்னிரண்டு வாசகங்கள் கொண்ட அவ்வாவணத்தின் இரண்டாம் வாசகம், கண்டி நாட்டின்மேல் ‘மலபார்’ இனத்தாருக்குள்ள உரிமை என்றென்றைக்கும் ஒழிந்ததெனக் கூறியது. மூன்றாம் வாசகம், அரசனின் உறவினரைப் பகைவர் என்றது. வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்கள் எவரும் அனுமதியின்றித் திரும்பலாகாது என்றும் விதித்தது. தமிழரையும் தென்னாட்டாரையும் ஆங்கில ஆவணங்கள் அக்காலத்தில் அச்சொல்லாற் குறித்தன. ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவர், எழுபத்தாறு ஆண்டுகள் ஆண்ட குடும்பத்தை அந்நியர் என எழுதினர். நாட்டுப் பிரதானிகள் அதன் கீழ் ஒப்பமிட்டனர். அவ்வொப்பங்கள் சிலவற்றில் தமிழெழுத்துக்கள் காணப்படுவது வேறொரு விந்தை.

சிறீ விக்கிரம இராசசிங்கன் 1816ஆம் ஆண்டிற் கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் 1832ஆம் ஆண்டில் இறந்தான். எகெலப்பொல அரியணையை எதிர்பார்த்திருந்தான். கிடைத்தது ‘பிரித்தானிய அரசின் நண்பன்’ என்னும் பட்டம். 1817ஆம் ஆண்டில் ஊவாவிற் கிளர்ச்சி மூண்டபோது கிளர்ச்சிக்காரர் முன்னிறுத்திய அரசனின் பெயர் துரைச்சாமி. உண்மையில் அவன் வில்பாவை என்னும் ஊரைச் சேர்ந்தவன், முன்னாட் பிக்கு. ஆனால் மக்களைத் திரட்ட அவனுக்கு நாயக்க மரபின் பெயரே வேண்டியிருந்தது. கிளர்ச்சியை அடக்கச் சென்ற கெப்பெட்டிப்பொல, 1815இல் ஒப்பமிட்டவர்களில் ஒருவன், ஆங்கிலேயரின் ஆயுதங்களைத் திருப்பியனுப்பிவிட்டுக் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்து, 1818 நவம்பர் 26ஆந் திகதி உயிர் கொடுத்தான். நண்பனாகிய எகெலப்பொலவோ ஐயத்தின் பேரிற் சிறைப்பட்டான். வழக்கு விசாரணை நடக்கவில்லை. 1825ஆம் ஆண்டில் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டு, 1829ஆம் ஆண்டில் அங்கேயே மாண்டான். அவனுடைய ஓலைகளைப் பொறுமையாகப் படித்த அரசாங்கம், அவனைப்பற்றி எழுதப்பட்டவற்றையும் அதே பொறுமையோடு படித்திருந்தது.

உடன்படிக்கையின் மூன்றாம் வாசகத்துக்கு நேர்ந்ததுதான் வேடிக்கை. தமிழ் ஆண்கள் கண்டி நாட்டினுள் நுழையலாகாது என்று எழுதிய அரசாங்கமே, பத்தாண்டு செல்லுமுன் அந்நாட்டிற் கோப்பிப் பயிருக்கு வழிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரம் பேரைக் கூலிக்கு அழைத்தது. கோப்பிக்குப் பின் தேயிலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர். எட்டியாந்தோட்டை, தெகியோவிற்றை, இறக்குவானை, பலாங்கொடை எனச் சபரகமுவை எங்கும் தோட்டங்கள் எழுந்தன. ஓலை கொண்டு ஒற்றர் நடந்த காட்டுப் பாதைகளில் பால்வெட்டும் தொழிலாளர் வாளியோடு நடந்தனர்.

வாசகம் மறக்கப்பட்டாலும் சொல் மறக்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவரிடமும் தந்தையின் பிறப்பை, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டுமாறு கேட்டது. டொயிலியின் ஒவ்வொரு நாளும் ஏட்டில் இருந்தது. இறப்பர்த் தோட்டத்து முதியவரின் பிறந்த நாளோ பல இடங்களில் எந்த ஏட்டிலும் இல்லை. 1949ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1964 அக்டோபர் 30ஆந் திகதி சிறிமா அம்மையாரும் சாத்திரியாரும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது; மீதி 1,50,000 பேரின் கணக்கு 1974ஆம் ஆண்டிலேயே பாதிப்பாதியாகத் தீர்க்கப்பட்டது. அந்த அக்டோபர் நாள் முதல் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவேறியது. கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டு அப்போது 188 ஆண்டுகள் ஆகியிருந்தன.