செம்பைக் காத்த உறை

கேபிள் டி.வி.க்காக மாடியில் இழுத்த கருப்பு வயரின் முனையைச் சீவிப் பார்த்திருக்கிறீர்களா? நடுவே ஒரு கம்பி. அதைச் சுற்றி வெண்ணிறப் பிளாஸ்டிக். அதன்மேல் உலோக வலை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தோல். கம்பிக்கும் வலைக்கும் அச்சு ஒன்றே. ஆகவே இதை ஓரச்சு வடம் என்கிறோம். 'கோஆக்சியல் கேபிள்' என்பதும் இதுவே. இதன் கதையைச் செம்பின் கதை என்று எண்ணிவிடாதீர்கள். செம்பைச் சுற்றியுள்ள பொருளின் கதை என்பதே பொருத்தம்.

மூன்று வார வாழ்வு

1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே, அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்தி வடம் போடப்பட்டது. செம்புக்கு உறை குட்டா-பெர்ச்சா. மலேயாப் பகுதி மரங்களின் பாலிலிருந்து கிடைப்பது. சில இடங்களில் செம்பு நடுவில் நில்லாமல் விலகியிருந்தது. அங்கே உறை ஒருபுறம் மெலிந்தது. செய்தி மங்கலாக வரவே, வைட்ஹவுஸ் என்பவர் சுமார் 2,000 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுத்தார். பழுதுற்ற உறை தாங்குமா? ஏறத்தாழ மூன்று வாரத்தில் வடம் ஊமையாயிற்று.

தந்தி எழுத்தரின் யோசனை

ஆலிவர் ஹெவிசைடு கல்லூரி வாசலை மிதிக்காதவர், காது மந்தம். தந்தி வேலையை விட்டுவிட்டுத் தாமாகவே மின்னியல் கற்றார். ஒரு கம்பியின் செய்தி பக்கத்துக் கம்பியில் புகுந்து குழப்புவதைத் தடுப்பது எப்படி? ஒரு கடத்தியை மற்றொரு குழாய்க் கடத்திக்குள் வைத்தால் போதும் என்றார் அவர். உள்ளே போகும் மின்னோட்டமும் வெளிக்குழாயில் திரும்பும் மின்னோட்டமும் வெளிப்புறத்தில் ஒன்றின் விளைவை ஒன்று அழித்துவிடும். 1880இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

அரை நூற்றாண்டுக்குப் பின், 1929இல், அமெரிக்காவின் எஸ்பென்ஷீடும் அஃபெலும் ஒரே வடத்தில் பல உரையாடல்களை அனுப்பும் முறைக்கு விண்ணப்பித்தனர். 1936இல் நியூயார்க்–பிலடெல்பியா இடையே சோதனை வடம் போடப்பட்டது.

ஆனால் நல்ல உறை? அது தற்செயலாகக் கிடைத்தது. 1933இல் இங்கிலாந்தில் கிப்சன், ஃபாசெட் இருவரும் எத்திலீன் வாயுவை மிகு அழுத்தத்தில் சோதித்தபோது, கலத்தில் மெழுகு போன்ற வெண்பொருள் படிந்திருந்தது. அதுவே பாலிஎத்திலீன். இரண்டாம் உலகப் போரில் ரேடார் வடங்களுக்கு உறையாயிற்று. 1956இல் ஸ்காட்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்த முதல் அட்லாண்டிக் தொலைபேசி வடத்திலும் அதுவே. 1858இன் வடம் மூன்று வாரம். இதுவோ 1978 வரை, 22 ஆண்டுகள் உழைத்தது!

உங்கள் மாடியில்

இனி இன்றைக்கு வருவோம். துல்லிய நேரம் அறிய வீட்டில் ஜி.பி.எஸ். ஆண்டெனா வைப்போர் உண்டு. 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்த அலை மிக மெல்லியது. நொடிக்கு 157 கோடிக்கு மேல் அதிர்வது. மெலிந்த ஆர்ஜி-58 வடத்தில் 10 மீட்டர் செல்வதற்குள் ஏறத்தாழக் கால் பங்கே மிஞ்சும். தடித்த ஆர்ஜி-6இல் பாதிக்குச் சற்று மேல் மிஞ்சும். 'இது 75 ஓம், கருவியோ 50 ஓம் ஆயிற்றே' என்று தயங்க வேண்டாம். அப்பொருத்தமின்மையால் இணைப்பில் திரும்பிப் போவது நூற்றுக்கு நான்கு பங்குதான்.

உண்மையான பகை தண்ணீர். பாலிஎத்திலீனின் மின்கடவா எண் சுமார் 2.3, நீருக்கோ 80. சில துளிகள் புகுந்தாலே வடத்தின் இயல்பு மாறிவிடும், வலையும் அரித்துப்போகும். எனவே கரித்தூள் கலந்த கருப்புத் தோலுள்ள வடத்தையே வாங்குங்கள். அது வெயிலைத் தாங்கும். இணைப்பின்மீது தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல, ஒன்றன்மேல் ஒன்று படியச் சுற்றுங்கள். வடம் சுவரில் நுழையுமுன் ஒரு வளைவு தொங்கட்டும். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

அட்லாண்டிக் கடலடியில் கற்ற பாடம் மொட்டை மாடிக்கும் பொருந்துகிறது அல்லவா?