மதுவத்தின் குலமுறை

பிசைந்த மாப் பொங்குவதையும் பழச்சாறு நுரைத்து மதுவாவதையும் மனிதன் பன்னெடுங்காலமாகக் கண்டு வந்தான். ஆயின் அவற்றை நிகழ்த்துவது யாதென்பதை அவன் அறிந்தானல்லன். 1680 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரான லீவன்கூக் என்பார், தம் நுணுக்குக்காட்டியினூடே பியரை நோக்கி, அதனுள் நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். எனினும் அவை உயிருள்ளவை என அவர் கொண்டிலர்.

மதுவம் உயிர்ப்பொருளே என்னும் உண்மை 1837 ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது. பிரான்சில் கன்யார் லாத்தூரும், ஜேர்மனியில் சுவான், கூற்சிங் என்போரும் தனித்தனியே ஆராய்ந்து, அது உயிருள்ளதெனத் துணிந்தனர். ஒரு கலத்தின் புறத்தே அரும்பு தோன்றி, அது பருத்துப் புதிய கலமாதலே அதன் பெருக்கமுறை. சுவான் அதனைச் 'சர்க்கரைப் பங்கசு' என்றார். அப்பொருள்படவே 1838 இல் மேயென் என்பார் 'சக்கரோமைசிசு' என்னும் கிரேக்கச் சொல்லாலான சாதிப்பெயரை இட்டார். இரசாயனப் பேரறிஞரான லீபிக்கோ இதனை ஏற்றிலர். 1839 இல், அவர் பதிப்பாசிரியருள் ஒருவராயிருந்த ஏட்டிலே, இக்கொள்கையை எள்ளிய கட்டுரையொன்று ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. 1857 முதலாகப் பாஸ்டர் செய்த ஆய்வுகளே உயிர்க்கொள்கையை நிலைநாட்டின.

பங்கசு எனின், எக்குலத்துப் பங்கசு? உருண்டையான தனிக்கலத்தின் வடிவம் அதன் உறவை உணர்த்தவில்லை. 1870 இல் ரீசு என்னும் ஜேர்மானியர் விடை கண்டார். உணவு குன்றியவிடத்து மதுவக்கலமே ஒரு பையாகித் தன்னுள்ளே வித்திகளை ஆக்குகின்றது. ஆதலின் பையில் வித்தி தாங்கும் பங்கசுக்களோடு அதனை அவர் சேர்த்தார். 1883 இல் கோபன்கேகன் நகரின் கால்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் கான்சன் என்பார் ஒற்றைக் கலத்திலிருந்து தூய வளர்ப்பைப் பெற்றார். அதன்பின் இனங்களைக் கலப்பின்றி ஒப்பிடுதல் இயல்வதாயிற்று.

எனினும் அரும்புவன யாவும் ஒரு குலத்தனவல்ல. கிரிப்தொகொக்கசும் அரும்புகின்றது, ஆயின் அது குடைக்காளான்கள் அடங்கிய பெரும்பகுப்பைச் சார்ந்தது. பிளந்து பெருகும் சிசோசக்கரோமைசிசு, பையில் வித்தி தாங்கினும், வேறொரு கிளையினது. வித்திகள் காணப்படாமையால் நெடுங்காலம் புறம்பே வைக்கப்பட்ட கண்டிடா அல்பிக்கான்சு என்னும் இனமோ சக்கரோமைசிசின் உறவாயிற்று. இவற்றைத் தெளிவாக்கியது பரம்பரையலகுகளின் ஒப்பீடாகும். சக்கரோமைசிசின் ஏறத்தாழ 6,000 பரம்பரையலகுகளும் 1996 இல் முற்றாகப் படிக்கப்பட்டன. 2018 இல் 332 அரும்பு மதுவங்களின் முழுப் பரம்பரைத் தொகுதிகள் ஒப்பிடப்பட்டன.

இவ்வொப்பீட்டின் பின்னும் ரீசு வகுத்த இடம் மாறவில்லை. ஆயின் அவர் கொண்ட அடையாளம் ஒன்றே எல்லா மதுவங்களுக்கும் போதியதன்று. அரும்புதல் ஒரு வாழ்க்கை முறை, அது குலப்பெயரன்று. தோற்றத்தால் ஒத்தவை உறவல்லவாகவும், வேறானவை உறவாகவும் இருத்தல் கூடுமென்பதே மதுவத்தின் வரலாறு பாகுபாட்டியலுக்கு உணர்த்தும் பாடமாகும்.