புதுக்கோட்டையில் ஒரு பச்சை வளையம்

புதுக்கோட்டை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சித்தன்னவாசல் ஓவியம். தொண்டைமான் ராஜா. அம்மன் காசு. 1991-92ல் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு ஊர் ஊராக அறிவொளி வகுப்பு நடத்திய பெண்கள் சிலருக்கு ஞாபகம் வரலாம். எல்லாம் சரிதான். ஆனால், சூரியனை ஆராய்கிறவர்களின் பழைய புத்தகங்களில் இந்த ஊரின் பெயர் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா?

இருக்கிறது. ஒரே சிக்கல், ஆங்கிலேயர்கள் அதை எழுதிய விதம். 'பூடோகாட்டா'! கம்ப்யூட்டரில் இன்றைய ஸ்பெல்லிங்கைப் போட்டுத் தேடினால் அகப்படாது. பழைய ஸ்பெல்லிங்கைப் போட்டுப் பாருங்கள். 1871ஆம் வருடம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்.

அந்த வருடம் டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை நேரம். தென்னிந்தியாவின் குறுக்கே முழு சூரிய கிரகணம். நிலவின் நிழல் கேரளக் கரையில் பேக்கல் கோட்டைப் பக்கம் ஏறி, நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை என்று ஓடி, கடல் தாண்டி யாழ்ப்பாணம், திரிகோணமலை வழியாக வெளியே போனது. ஒவ்வோர் இடத்திலும் ஏறக்குறைய இரண்டே நிமிட இருட்டு. அந்த இரண்டு நிமிடத்துக்காக ஐரோப்பாவிலிருந்து கப்பல் ஏறி வந்தார்கள்!

காரணம் இருந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1868 ஆகஸ்ட் 18ல், ஆந்திரக் கரையோரம் ஒரு முழு கிரகணம். குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன் நிறமாலைக் கருவியோடு உட்கார்ந்தார். சூரியனின் விளிம்பில் கொழுந்து விட்டெரிவது வெறும் வாயு என்பது அப்போது தெரிந்தது. அதே வருடம் இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் கிரகணம் இல்லாமலே அந்தக் கொழுந்துகளைப் பார்த்தார். அதில் கிடைத்த ஒரு மஞ்சள் கோட்டிலிருந்துதான் பின்னால் 'ஹீலியம்' என்ற பெயரே பிறந்தது. ஆக, இந்தியக் கிரகணம் என்றால் ஏதோ கிடைக்கும் என்று அவர்களுக்கு ருசி கண்டுவிட்டது.

1871ல் லாக்கியர் தன் குழுவைப் பிரித்துப் பிரித்து நிறுத்தினார். அவர் பேக்கலில். மற்றவர்கள் மானந்தவாடி, யாழ்ப்பாணம், திரிகோணமலை. ஜான்சன் தனியாக வந்து நீலகிரியில் சோலூரில் கடை விரித்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் அவிநாசியில். எதற்கு இத்தனை இடம்? மேகம்தான் காரணம்! ஓரிடத்தில் மறைத்தால் இன்னோரிடம் தப்பும். நான் பி.காம். படித்தவன், 'ரிஸ்க்கைப் பிரித்துப் போடு' என்று எங்களுக்கு வகுப்பில் சொன்னதை இந்த மனிதர்கள் வானத்தில் செய்திருக்கிறார்கள்.

புதுக்கோட்டைக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் லொரென்ஸோ ரெஸ்பிகி. இத்தாலியர், ரோமாபுரியில் கேபிடோலின் குன்றின் மேல் இருந்த வானாய்வகத்தின் தலைவர். இன்னொருவர் ஹென்றி ஹாலிடே. இவர் விஞ்ஞானி கிடையாது, ஓவியர்! அன்றைய கேமராவை நம்ப முடியாது. கண்ணால் பார்த்துக் கையால் வரைய ஓர் ஆள் வேண்டும். இதே ஹாலிடேதான் பிறகு 1876ல் லூயிஸ் கரோலின் 'தி ஹன்ட்டிங் ஆஃப் தி ஸ்நார்க்' புத்தகத்துக்குப் படம் போட்டவர். ஆம், 'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதிய அதே கரோல். ராமச்சந்திரத் தொண்டைமான் ஆண்ட சமஸ்தானத்தில், மார்கழி பிறக்கப்போகிற ஒரு குளிர்ந்த காலையில், ஓர் இத்தாலிய விஞ்ஞானியும் ஓர் இங்கிலீஷ் ஓவியரும் கிழக்கே பார்த்து நிற்கிற காட்சியைக் கற்பனை பண்ணிப் பாருங்கள்.

ரெஸ்பிகி என்ன பார்த்தார்? இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும்.

வெளிச்சத்தைப் பட்டகம் வழியாக விட்டால் வானவில்லாகப் பிரியும் என்பது பள்ளிக்கூடப் பாடம். சாதாரண நிறமாலைக் கருவியில் முதலில் ஒரு மெல்லிய பிளவு வைத்திருப்பார்கள். வெளிச்சம் அந்தக் கீற்று வழியாக வருவதால், நிறங்களும் கோடு கோடாகத் தெரியும். ரெஸ்பிகி அந்தப் பிளவையே எடுத்துவிட்டார்! தொலைநோக்கியின் முகப்பிலேயே பட்டகத்தை மாட்டினார். முழு கிரகணத்தில் சூரியன் மறைந்து, சுற்றிலும் ஒளி வளையம்தானே மிஞ்சும்? அந்த வளையமே பிளவின் வேலையைச் செய்யும். கோடுகளுக்குப் பதிலாக வளையங்கள் தெரியும். சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று. மூன்று நிறத்தில் மூன்று கிரீடங்கள். பேக்கலில் லாக்கியரும் பிளவு இல்லாமல்தான் பார்த்தார், அவருக்கும் வளையங்கள்தான்.

சிவப்பும் நீலமும் ஹைட்ரஜன். அது தெரிந்த விஷயம். பளிச்சென்று தெரிந்த அந்தப் பச்சை? அதுதான் வில்லங்கம். 1869ல் அமெரிக்கக் கிரகணத்தில் முதலில் அகப்பட்ட பச்சைக் கோடு அது. பூமியில் இருக்கிற எந்தப் பொருளோடும் ஒத்துப்போகவில்லை. 'சரி, சூரியனில் மட்டும் இருக்கிற புதுப் பொருள் போலிருக்கிறது' என்று 'கொரோனியம்' எனப் பெயரே வைத்துவிட்டார்கள். ஹீலியம் கிடைத்தது மாதிரி இதுவும் ஒருநாள் பூமியில் கிடைக்கும் என்று காத்திருந்தார்கள். எழுபது வருடம் காத்திருந்தார்கள்!

கடைசியில் 1940ஐ ஒட்டிய வருடங்களில் ஜெர்மனியின் குரோட்ரியானும் ஸ்வீடனின் எட்லெனும் முடிச்சை அவிழ்த்தார்கள். கொரோனியம் என்று ஒன்றும் கிடையாது. அது இரும்பு! நம் வீட்டு ஆணியில், அரிவாள்மனையில் இருக்கிற அதே இரும்பு. ஆனால், 26 எலெக்ட்ரான்களில் 13 பிய்த்தெறியப்பட்ட இரும்பு. அப்படிப் பிய்க்க வேண்டுமென்றால் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சூரியனின் மேற்பரப்போ சுமார் 5,500 டிகிரிதான். அடுப்பை விட அடுப்புக்கு மேலே இருக்கிற காற்று பல மடங்கு சூடு என்றால் எப்படி? அது எப்படி என்பதற்கு இன்றுவரை முழுசாக விடை வரவில்லை. 2023 செப்டம்பர் 2ல் இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 இருக்கிறதே, அதன் முக்கியக் கருவி பார்க்கிற நிறங்களில் ஒன்று இந்தப் பச்சைதான். அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டைக்காரர். புதுக்கோட்டையில் இரண்டு நிமிடம் தெரிந்த பச்சையை இப்போது 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, வெள்ளைக்காரர்கள் பட்டகம் மாட்டிக்கொண்டிருந்தபோது நம்மவர்கள் என்ன செய்தார்கள்? பேக்கலில் ராகுவை விரட்டக் காய்ந்த புல்லைக் கொளுத்தியதாகவும், புகை மறைத்துவிடுமோ என்று பயந்து போலீஸை விட்டு அணைக்கச் சொன்னதாகவும் லாக்கியர் தரப்பு எழுதி வைத்திருக்கிறது. படித்தால் ஏதோ நமக்குக் கிரகணக் கணக்கே தெரியாது போல இருக்கும். அது அநியாயம். 1825லேயே ஜான் வாரன் என்பவர் 'கால சங்கலித' என்ற புத்தகத்தில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். காகிதம் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமாக இருந்த எண்களைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்தார். ஆரம்ப நேரம் நான்கே நிமிடம்தான் தள்ளிப்போனது! முடிவு நேரம் முக்கால் மணிக்கு மேல் பிசகியது என்பது வேறு விஷயம். ஆனால், வாரன் இன்னொன்றும் குறித்திருக்கிறார். தான் போடுகிற கணக்கின் அடிப்படை என்ன என்பது அந்த மனிதருக்குத் துளியும் தெரியாது. ஞாபகசக்தி ஒன்றுதான் மூலதனம்.

எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லை? 'கோள்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லு' என்றால் ஒப்பிக்கிற பிள்ளை, 'அமாவாசைதோறும் ஏன் கிரகணம் வரவில்லை?' என்றால் விழிக்கிறதே, அதே சங்கதி.

இதை மாற்றப் பார்த்தவரும் இங்கேயே இருந்தார். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867ல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1868 கிரகணத்தில் வனபர்த்தியில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1874ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கப்போகிறது என்றதும், இரண்டு பேர் பேசிக்கொள்வது போல ஒரு சிறுபுத்தகம் எழுதி, இந்திய மொழிகள் சிலவற்றில் வெளியிட்டார். ஏன் கடக்கிறது, அதைப் பார்த்து என்ன கண்டுபிடிக்கலாம், எல்லாம் பேச்சு நடையில்! அன்றைக்கு இருந்த இன்டர்நெட் அச்சுக்கூடம்தான்.

ஆனால் பயம் அவ்வளவு லேசில் போகவில்லை. 1980 பிப்ரவரி 16 ஞாபகம் இருக்கிறதா? கர்நாடகம், ஒரிசா வழியாக முழு கிரகணம் போனது. நாடெங்கும் தெருக்கள் ஊரடங்கு போட்ட மாதிரி. ஜனங்களை வீட்டுக்குள் வைக்க தூர்தர்ஷன் சினிமா போட்டது! ஒரு வேடிக்கை தெரியுமா? கிரகணங்களுக்குக் குடும்பம் உண்டு. 18 வருடம் 11 நாளுக்கு ஒருமுறை அதே ஜாடையில் இன்னொன்று பிறக்கும். 1871 டிசம்பர் 12லிருந்து ஆறு முறை எண்ணிக்கொண்டே வாருங்கள். 1980 பிப்ரவரி 16ல் வந்து நிற்பீர்கள். ரெஸ்பிகி கப்பலேறி வந்து பார்த்த அதே குடும்பத்துப் பிள்ளையை, நாம் ஜன்னலைச் சாத்திவிட்டு டி.வி. பார்த்து வழியனுப்பினோம்.

அதே 1980ல்தான் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கியது. பின்னால் குழந்தைகளுக்கு 'துளிர்' பத்திரிகை. பிறகு அறிவொளி. கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறந்தது.

2019 டிசம்பர் 26. வியாழக்கிழமை. இந்த முறை வளையக் கிரகணம். நிழல் வந்த பாதையைப் பாருங்கள்: காசர்கோடு, வயநாடு, நீலகிரி, கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை, கடல் தாண்டி யாழ்ப்பாணம், திரிகோணமலை. அடேங்கப்பா! 148 வருடம் கழித்து ஏறக்குறைய அதே தடம். இரண்டும் ஒரே குடும்பம்கூட இல்லை, தற்செயல்தான். காலை ஒன்பதரை மணி வாக்கில் புதுக்கோட்டை வானத்தில் நெருப்பு வளையம் நின்றது.

பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவு. அரையாண்டு விடுமுறை! பாடம் வானத்தில் நடக்கிறது, வகுப்பறைக்குப் பூட்டு. அப்புறம் எங்கே கற்பது? கையிலிருந்த செல்போனில்தான். அறிவியல் இயக்கத்துக்காரர்கள் பல ஊர்களில் சூரியக் கண்ணாடியோடு நின்றார்கள். அவர்கள் போகாத ஊர்ப் பிள்ளைக்கு அந்தச் சின்னத் திரைதான் வாத்தியார். அதில் இரண்டும் வந்தன. வானாய்வகங்களின் நேரலையும் வந்தது. தாம்பாளத் தண்ணீரில் உலக்கை தானாக நிற்கிற வீடியோவும் வந்தது. எது வேகமாகப் பரவியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடிப்பாகம் தட்டையான உலக்கை கிரகணம் இல்லாத நாளிலும் நிற்கும். வேண்டுமானால் இன்றைக்கே நிறுத்திப் பாருங்கள்.

கொடுமை என்னவென்றால், நல்ல சரக்கும் அதே போனில் இலவசமாகத்தான் கிடக்கிறது. நாசாவின் கிரகணப் பக்கங்களில் ஃப்ரெட் எஸ்பெனாக்கும் ஜான் மியூஸும் ஐயாயிரம் வருடத்துக் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார்கள். மொத்தம் 11,898 சூரிய கிரகணம். 1871ஐத் தட்டினால் நிழல் போன பாதை படமாக வரும். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் புதுக்கோட்டையையும் அந்தத் தேதியையும் கொடுத்தால், ரெஸ்பிகி பார்த்த வானத்தை உங்கள் பையன் மேஜையில் பார்க்கலாம். இஸ்ரோ 2009ல் தொடங்கிய 'புவன்' தளத்தில் சொந்த ஊர்க் கண்மாயை விண்வெளியிலிருந்து பார்க்கலாம். லாக்கியரின் பழைய புத்தகத்தைக்கூடப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். ஆனால், இதில் பெரும்பகுதி ஆங்கிலம். ஆலங்குடியில் தமிழில் படிக்கிற ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு உலக்கை வீடியோ தாய்மொழியில் வருகிறது; நிழல் போன பாதை மட்டும் வேற்று மொழியில் வருகிறது. ரகுநாதாச்சாரி 1874ல் அச்சுக்கூடத்தை வைத்துச் செய்ததை, ஓர் ஆசிரியர் செல்போனை வைத்துச் செய்ய முடியாதா என்ன? ஒரு படத்தைக் காட்டி, 'பாரு, இது நம்ம ஊரு' என்று தமிழில் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்?

அவசரம் இருப்பதால்தான் கேட்கிறேன். 2031 மே 21, புதன்கிழமை. மறுபடி வளையக் கிரகணம். தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் எல்லாம் பாதையில் இருக்கின்றன. காரைக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது? புதுக்கோட்டை மாவட்டத்தின் தெற்குப் பகுதி. மதிய வேளை, சூரியன் தலைக்கு மேல். அன்றைக்கு எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடாதீர்கள், கண் போய்விடும். முறையான சூரியக் கண்ணாடி வேண்டும். இல்லையா, ஏதாவது ஒரு வேப்பமரத்தடிக்குப் போங்கள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளை கேமரா. தரையில் நூற்றுக்கணக்கான குட்டி வளையங்கள் விழும்.

ஆங், சொல்ல மறந்துவிட்டேனே. மே 21. அதுவும் லீவு நாள்தான்.