கதிரியக்கச் சிஸ்டர்னோகிராபி

கதிரியக்கச் சிஸ்டர்னோகிராபி என்பது மூளை முதுகுத் தண்டுவட நீர்மம் கசிவதைக் கண்டறிய உதவும் அணு மருத்துவச் சோதனை ஆகும். இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி, சிறிதளவு கதிரியக்கப் பொருள் இந்நீர்மத்தில் கலக்கப்படுகிறது. அது பரவுவதைப் பல மணி நேரம் காமா கேமரா படமெடுக்கிறது.

பின்னணி

வளர்ந்தவர் உடலில் இந்நீர்மம் ஏறத்தாழ 150 மில்லிலீட்டர் உள்ளது. தலைக்காயத்தால் மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பு உடைந்து மூளையுறை கிழிந்தால், அது மூக்கு வழியாக ஒழுகக்கூடும். இதைச் சளி என்று எண்ணிவிடுவதும் உண்டு. ஆனால் அதே துளை வழியே கிருமிகள் நுழைந்து, உயிருக்கு ஆபத்தான மூளையுறை அழற்சி ஏற்படலாம். 1926 ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்ட்டர் டேண்டி இத்தகைய துளையை அறுவை சிகிச்சையால் அடைத்தார். எனினும் துளை எந்தப் பக்கம் உள்ளது என அறிவது கடினமாகவே இருந்தது. இதற்காகச் செலுத்தப்பட்ட மெத்திலீன் நீலம் போன்ற சாயங்கள் நரம்புகளுக்குத் தீங்கு விளைவித்தன.

வளர்ச்சி

1964 இல் இத்தாலியில் பிறந்த ஜொவான்னி டி கிரோ, அமெரிக்காவில் தம் குழுவினருடன் அயோடின்-131 சேர்த்த ஆல்புமினைக் கொண்டு இம்முறையை விவரித்தார். 1968 இல் அவரும் ஆயூப் ஒம்மாயா உள்ளிட்டோரும் மூக்குவழிக் கசிவில் இதன் பயனை வெளியிட்டனர். அயோடின்-131 இன் அரைவாழ்வுக் காலம் 8 நாட்கள். அது பீட்டாக் கதிர்களையும் வெளியிடுவதால் நோயாளி பெறும் கதிர்வீச்சு அதிகம். ஆல்புமினால் சிலருக்குக் கிருமியற்ற மூளையுறை அழற்சியும் ஏற்பட்டது. பின்னர் 2.8 நாட்கள் அரைவாழ்வுக் காலம் கொண்ட இண்டியம்-111 டிடிபிஏ வழக்கத்திற்கு வந்தது.

பஞ்சுச் சோதனை

சிறு கசிவு படத்தில் தெரியாமல் போகலாம். எனவே மூக்கினுள் வெவ்வேறு இடங்களில் பஞ்சுத் துண்டுகள் வைக்கப்பட்டு, சில மணி நேரத்துக்குப் பின் ஒவ்வொன்றின் கதிரியக்கமும் அளக்கப்படுகிறது. இரத்தத்தில் கலந்த கதிரியக்கப் பொருள் மூக்குச் சுரப்பிலும் வரக்கூடும் என்பதால், இந்த அளவு இரத்த நீர்மத்தின் அளவோடு ஒப்பிடப்படுகிறது.

தற்போதைய நிலை

எலும்பிலுள்ள துளையை சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் இதைவிடத் துல்லியமாகக் காட்டுகின்றன. ஒழுகுவது இந்நீர்மம்தானா என்பதை பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனை உறுதி செய்கிறது. ஆயினும், விட்டுவிட்டு ஏற்படும் கசிவிலும், காயமின்றி முதுகுப் பகுதியில் கசிந்து எழுந்து நின்றதும் தலைவலி தரும் நோயிலும் இச்சோதனை இன்னும் பயன்படுகிறது. கதிரியக்கப் பொருள் மூளையின் மேற்பரப்பை எட்டாமல், வழக்கத்தைவிட விரைவில் சிறுநீர்ப்பையில் தென்பட்டால், கசியும் இடம் தெரியாதபோதும் கசிவு இருக்கலாம் என்பதற்கு அது சான்றாகிறது.