ஜெய்ப்பூரிலிருந்து மலையேறி வரும் கால்

இலங்கையின் நுவரெலியா மலையில், கந்தப்பளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் சமதரை அரிது. லயத்து வாசலை விட்டு இறங்கினால் படிக்கட்டு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் மலையேற்றம். இடுப்பில் படங்கு, முதுகில் கொழுந்துக்கூடை, காலடியில் எப்போதும் ஈரம். இங்கே ஒருவர் ஒரு காலை இழந்தால் நடையோடு வேலையும் போய்விடும். இப்படிப்பட்ட தரைக்கென்றே ஒரு செயற்கைக்கால் உண்டு. அது பிறந்தது ராஜஸ்தானில்.

1960களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்தவர் பிரமோத் கரண் சேத்தி. மேலைநாட்டு முறையில் செய்த கால்களை அவரிடம் வாங்கிப்போனவர்கள் பலர் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலோடு நடமாடினார்கள். காரணத்தை அவர் அவர்களுடைய வாழ்க்கையில் தேடினார். அந்தக் கால் சப்பாத்துக்குள் இருக்க வேண்டியது, கணுக்கால் மடங்காது. அவர்களோ சேற்றில் வெறுங்காலோடு நடப்பவர்கள், குந்தி உட்காருபவர்கள், சம்மணமிட்டுச் சாப்பிடுபவர்கள்.

அதே மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்தவர் ராம் சந்திர சர்மா. பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத கைவினைஞர். சைக்கிள் டயர் பழுதுபார்க்கும் கடையில்தான் அவருக்கு ரப்பர் யோசனை பிறந்தது என்பார்கள். முழுக்க ரப்பரால் வார்த்த முதல் பாதம் தூக்க முடியாத கனம். பிறகு உள்ளே மரக்கட்டையும் நுண்துளை ரப்பரும் வைத்து, மேலே தோல் நிற ரப்பரைச் சுற்றி, அச்சில் இட்டுச் சூடேற்றி இறுக்கினார்கள். 1968இல் உருப்பெற்ற அந்தப் பாதம் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்தது. நனைந்தாலும் கெடவில்லை. சப்பாத்தும் கேட்கவில்லை.

அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. அதனால் அது எல்லை தாண்டுவதும் எளிதாயிற்று. 1975இல் டி. ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதை இலவசமாக வழங்கியது. சாலை விபத்தில் காலை இழக்கும் நிலைக்குப் போய் மீண்டவர் மேத்தா. 1981இல் தமிழ்நாட்டில் நடந்த விபத்தில் காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், இந்தக் காலைப் பூட்டிக்கொண்டுதான் மீண்டும் பரதநாட்டிய மேடை ஏறினார்.

1985இல் கொழும்பு நண்பர் உதவிச் சங்கத்தின் பட்டறை வழியாகக் கால் இலங்கைக்கு வந்தது. 1987இல் யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் திறந்தது. கண்ணிவெடியில் கால் போனவர்கள் அங்கே எழுந்து நடந்தார்கள். போர் ஓய்ந்துவிட்டது; நீரிழிவு ஓயவில்லை. அது ஆறாத ஒரு சிறு புண்ணில் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே காலை எடுப்பதில் முடிகிறது.

கால் இலங்கைக்கு வந்துவிட்டது; இனி மிச்சம் தோட்டத்துக்கு மலையேற்றம். பொருளே இலவசம் என்றாலும் அதை வாங்கப் போகும் வழி இலவசம் இல்லை. அளவு கொடுக்க ஒரு பயணம், பூட்டி நடந்து பார்க்க இன்னொன்று. எஞ்சிய கால் சுருங்கினால் மறுபடி, ரப்பர் தேய்ந்தால் மறுபடி. ஒவ்வொரு முறையும் போகிறவருக்குத் துணை வேண்டும். துணைக்கு வருபவருக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும்.

இதற்கும் ஜெய்ப்பூரே வழி காட்டியிருக்கிறது. அச்சும் அடுப்பும் ஆட்களுமாகப் பட்டறையே பல நாடுகளுக்குப் பயணம் போய், முகாம் அமைத்துக் கால் பூட்டியிருக்கிறது. அத்தனை தூரம் போக முடிந்த பட்டறைக்கு நுவரெலியா மலை உயரமே இல்லை.

இன்று எலும்பு அறுவை மருத்துவம் பயிலும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சிக்காலத்தில் ஒரு நாளாவது கந்தப்பளை போன்ற ஒரு தோட்டத்து லயத்தில் இருந்து பாருங்கள். நீங்கள் காலை எடுக்க நேர்ந்தவர் எந்தப் படியில் இறங்குகிறார், எங்கே குந்துகிறார், டிஸ்பென்சரிக்கு எப்படிப் போகிறார் என்று கவனியுங்கள். சேத்தியும் நோயாளிகளின் வாழ்க்கையை இப்படிக் கவனிப்பதில்தான் தொடங்கினார். தையல் பிரிப்பதோடு உங்கள் வேலை முடியவில்லை. அவர் மறுபடி மலைக்குப் போகும் அன்றுதான் அது முடிகிறது.