புயல்: மேகம் காற்றான கதை

‘காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே புயல் கரையைக் கடக்கும்.’ ஐப்பசி, கார்த்திகையில் செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்துக்கு மனப்பாடமான வாக்கியம் இது. வலுப்பெற்றது, நகர்கிறது, கடந்தது, வலுவிழந்தது என்று நாம் புயலோடு சேர்க்கும் வினைகள் எல்லாம் காற்றைப் பற்றியவை. ஆனால் புயல் என்ற சொல் காற்றாகப் பிறக்கவில்லை.

பழந்தமிழில் புயல் என்றால் மேகம். அது பொழியும் மழையும் புயல்தான். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் இந்தச் சொல் வருகிறது. புயல் என்னும் வருவாய் குறைந்தால் உழவன் ஏர் பூட்டமாட்டான் என்பது அங்கே செய்தி. புயல் வந்தால் என்ன ஆகும் என்று நாம் அஞ்சுகிறோம். வராவிட்டால் என்ன ஆகும் என்பது வள்ளுவரின் கவலை. வைணவ மரபு திருமாலைப் புயல்வண்ணன் என்று கொண்டாடியதும் கருமேகத்தின் நிறத்தை நினைத்துத்தான். கடல்மல்லை என்ற மாமல்லபுரத்தில் திருமங்கையாழ்வார் பாடிய தலசயனத்தில், பாம்பணை இல்லாமல் தரையில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளும் அந்த நிறத்தவர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி புயலுக்கு மேகம், மழை, நீர் என்ற பொருள்களைச் சொல்லிவிட்டு, அதன் பிறகே பெருங்காற்றுக்கு வருகிறது.

அதே மாமல்லபுரத்தில் பல்லவச் சிற்பிகள் ஒரு புயலைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் புயல் என்று யாரும் சொல்வதில்லை. வழிகாட்டிகள் கிருஷ்ண மண்டபம் என்பார்கள். இந்திரன் ஏவிய மேகங்கள் கொட்டித் தீர்க்க, கண்ணன் கோவர்த்தனத்தை இடக்கையால் தாங்கி நிற்கிறான். சற்றுத் தள்ளி ஒரு இடையன் குந்தியபடி பால் கறக்கிறான். பசு திரும்பித் தன் கன்றை நக்குகிறது. மழையின் ஒரு தாரைகூடப் பாறையில் இல்லை. தலைக்கு மேல் செதுக்காமல் விட்ட பாறையே மலை, அந்த மலைக்கு அப்பால் மழை. காற்றில் பறக்கும் துணியோ முறியும் மரமோ அங்கே கிடையாது. அழிவு என்றதும் இந்தக் கரையின் சிற்பி எடுத்துக்கொண்ட கதை, காற்று வீசிய கதை அன்று. வானம் பொத்துக்கொண்ட கதை.

காற்றுக்கு வேறு சொற்கள் இருந்தன. வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று திசைக்கொரு பெயர், பொதுப்பெயர் வளி. சுழன்றடிப்பது சூறை. சூறைக்குக் கொள்ளை என்றும் பொருள் உண்டு. சூறையாடினார்கள் என்று இன்றும் எழுதுகிறோம், கோயில் வாசலில் சூறைத் தேங்காய் உடைக்கிறோம். இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போகும் காற்று என்ற அனுபவம் சூறாவளி என்ற கூட்டுச்சொல்லில் அப்படியே நிற்கிறது. ஈழத்தில் இந்தச் சொல்லே வழக்கு. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கியதை அவர்கள் சூறாவளி என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் சூறாவளியைப் பின்னுக்குத் தள்ளிப் புயல் முன்னே வந்துவிட்டது. காரணம் இந்தக் கரையின் பருவம் என்பது என் எண்ணம். இங்கே பெருங்காற்று தனியாக வருவதில்லை. கிழக்கே கடல்மேல் கறுத்து வரும் மேகத்தோடுதான் வருகிறது. மேகத்தின் பெயர் மெல்ல அதனோடு வந்த காற்றின் தலையில் ஏறிக்கொண்டது. இன்று இசைப்புயல் என்றும் பேச்சுப்புயல் என்றும் பட்டம் கொடுக்கும்போது வேகத்தை மட்டுமே நினைக்கிறோம். மேகம் நினைவில் இல்லை.

ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தக் காற்றைக் கப்பல் இழந்து கற்றார்கள். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனேயின் கப்பற்படையை, பிடித்த சில வாரங்களுக்குள் ஒரு புயல் சிதைத்தது. 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களுக்கும் அதே கதி. சோழமண்டலக் கரையில் அன்று கப்பல் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. சென்னையோ சதுரங்கப்பட்டினமோ புதுச்சேரியோ, எல்லாம் திறந்த கடலில் நங்கூரம் போடும் இடங்கள். இந்தக் கரையின் புயல்களை ஆராய்ந்த கும்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் கேப்பர், அவை நேராக வீசும் காற்றல்ல, பெருஞ்சுழல்கள் என்று 1801-இல் எழுதினார். கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன் 1848-இல் அந்தச் சுழலுக்கு, பாம்பின் சுருளை நினைத்துக் கிரேக்கத்திலிருந்து சைக்ளோன் என்று பெயர் வைத்தார். கரீபியத் தீவுகளின் பழங்குடிச் சொல்லிலிருந்து ஹரிக்கேன் வந்தது. புயலையும் சேர்த்து மூன்றும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன. ஆனால் சைக்ளோன் சுழலைப் பார்த்து வைத்த பெயர், தமிழ் மேகத்தைப் பார்த்து வைத்தது.

பிறகு எண்கள் வந்தன. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஒன்றிலிருந்து பதினொன்று வரை போகும். 1 என்றால் தொலைவில் தாழ்வு மண்டலம். 5-ஐத் தொட்டால் துறைமுகத்துக்கே ஆபத்து. 10 மிகப் பெரிய ஆபத்து. 11 அதற்கும் மேலான வேகத்தைச் சொல்வதில்லை; வானிலை மையத்தோடு தொடர்பு அற்றுப்போய்விட்டது என்று சொல்கிறது. மிக உயர்ந்த எண்ணைக் காற்றுக்குக் கொடுக்காமல் செய்தி வராத நிலைக்குக் கொடுத்தவர்களின் அனுபவம் பெரிது. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவ ஊர்களில் கூண்டேற்றத் துறைமுகம் இல்லை. சென்னையிலும் கடலூரிலும் எந்த எண் ஏறியது என்று கேட்டுக்கொண்டுதான் ஃபைபர் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டுகிறார்கள்.

வானிலைத் துறையின் ஏணி முழுக்க முழுக்கக் காற்றின் வேகத்தில் கட்டியது. மணிக்கு 62 கி.மீ. தொட்டால்தான் புயல் என்ற பெயரும், அதோடு ஒரு தனிப்பெயரும் கிடைக்கும். 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல், 166-இல் அதி தீவிரப் புயல், 221-ஐத் தாண்டினால் சூப்பர் புயல். வேகம் இரட்டித்தால் சுவரின்மேல் காற்று தரும் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால் இந்தப் படிகளுக்குப் பொருள் உண்டு. 2016 டிசம்பர் 12-இல் சென்னைப் பக்கம் கடந்த வர்தா மணிக்கு 110 கி.மீ. அளவில் வீசியது. அது எதைச் செய்தது என்று வண்டலூர் உயிரியல் பூங்காவில் வேரோடு சாய்ந்த ஆயிரக்கணக்கான மரங்கள் காட்டின. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரம் அருகே கடந்த மாண்டஸ் 65 முதல் 75 கி.மீ.தான். இந்த இரண்டையும் ஒப்பிட ஏணி போதும்.

ஆனால் அழிவை ஒப்பிட அது போதாது. அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. மிசிசிப்பி கரையை 1969-இல் தாக்கிய கமீல் ஐந்தாம் வகை. 2005-இல் கத்ரீனா கரையேறியபோது மூன்றாம் வகை. கத்ரீனா பரப்பில் பெரியது, அதனால் அது தள்ளிவந்த கடல்நீர் எட்டு மீட்டருக்கும் மேல் எழுந்தது. கமீலையே தாங்கியவர்கள் நாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் உயிரிழந்தார்கள். கமீலில் இறந்தவர்கள் சுமார் 250 பேர், கத்ரீனாவில் ஆயிரத்துக்கும் மேல். அந்த நாட்டுச் சாபிர்–சிம்சன் அளவுகோலில் கடல் எழுச்சியும் சேர்ந்திருந்தது. 2010-இல் அதை நீக்கிவிட்டுக் காற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒடிசாவிலோ கணக்கை மாற்றியது மனித ஏற்பாடு. 1999-இன் சூப்பர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013-இல் 200 கி.மீ.க்கு மேல் வீசிய பைலினில் இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. இடைப்பட்ட ஆண்டுகளில் புகலிடங்கள் கட்டினார்கள், லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே நகர்த்தினார்கள். 2020-இல் மரக்காணம் அருகே மிகத் தீவிரப் புயலாகவே கரையேறிய நிவர் தமிழ்நாட்டில் மிகச் சில உயிர்களோடு கடந்துபோனதற்கும், பேருந்தை நிறுத்தி, விடுமுறை விட்டு, தாழ்வான இடத்து மக்களை வெளியேற்றியது ஒரு காரணம்.

நம் கரையில் ஏணி கைவிடும் இடம் மழை. 2008-இன் நிஷா வெறும் ‘புயல்’, முதல் படி. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. பெய்து டெல்டா மூழ்கியது. தமிழ்நாட்டில் 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2015 டிசம்பர் 1-இல் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியபோது கடலில் இருந்தது ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. பெயரும் இல்லை, கண்ணும் இல்லை, கரையைக் கடக்கும் நேரமும் இல்லை. அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. இன்றைய அகராதிப்படி அன்று புயலே வரவில்லை. வள்ளுவரின் அகராதிப்படி அதைவிடப் பெரிய புயல் எது?

2024-இன் ஃபெஞ்சல் இந்தக் குழப்பத்தை இன்னும் தெளிவாகக் காட்டியது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே 70 முதல் 80 கி.மீ. வேகத்தில் கரையேறியது, பிறகு அசையாமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. மயிலத்தில் 51 செ.மீ. மறுநாள் அது வலுவிழந்தது என்று செய்தி வந்தது. காற்றைப் பொறுத்தவரை சரியான செய்தி. வலுவிழந்த அதே மண்டலம் மேற்கே நகர்ந்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. பொழிந்தது, திருவண்ணாமலை மலையடியில் மண் சரிந்து ஒரு வீட்டுக்குள் ஏழு பேர் புதைந்தார்கள். புயல் செய்திகளிலேயே ஆபத்தான சொல் ‘வலுவிழந்தது’ என்றுதான் சொல்வேன். அதைக் கேட்டவுடன் மக்கள் கதவைத் திறந்து வெளியே வந்துவிடுகிறார்கள். 2025 நவம்பரில் டிட்வா இலங்கையில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதுவும் ஏணியில் முதல் படிதான். மலையகத்தின் சரிவுகளில் அது இறக்கிய நீருக்கு அந்த ஏணியில் படியே இல்லை.

சுழலின் வேகம் வேறு, சுழல் நகரும் வேகம் வேறு. வர்தா ஓடிவந்து, ஒரு மாலைக்குள் உடைத்துவிட்டுப் போனது. மெதுவாக நகர்வது அல்லது நின்றுவிடுவது, கடலின் ஈரத்தை விடாமல் இழுத்து ஒரே இடத்தில் இறக்கும். அதற்கு 120 கி.மீ. காற்று தேவையில்லை.

மழைக்கென்று வானிலைத் துறையிடம் இன்னொரு ஏணி இருக்கிறது. 24 மணி நேரத்தில் ஆறரை செ.மீ. தொட்டால் கனமழை, பதினொன்றரையைத் தாண்டினால் மிக கனமழை, இருபதரையைத் தொட்டால் அதி கனமழை. தீவிர, மிகத் தீவிர, அதி தீவிர என்ற அதே அடைமொழி வரிசை. இரண்டும் ஒரே அறிக்கையில்தான் வருகின்றன. தலைப்பில் வருவது முதல் ஏணி, உள்ளே வருவது இரண்டாவது. செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இந்த வரிசையை மாற்றவேண்டும் என்பது என் கோரிக்கை. காரணம், இது ஏரி மாவட்டம். கொளவாய் ஏரி செங்கல்பட்டு நகரத்தை ஒட்டியே கிடக்கிறது. மதுராந்தகம் ஏரிக்கரையில் கோயில் கொண்ட ராமருக்கே ஏரி காத்த ராமர் என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், கரை உடையும் என்று பயந்த மழை இரவில் வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நின்றதைக் கண்டார் என்பது ஊர்க்கதை. அந்தக் கதையிலும் காற்றைப் பற்றிப் பேச்சில்லை. பேச்செல்லாம் கரை, மழை, நீர்மட்டம். பாலாற்றில் மணல் மறைய நீர் ஓடுவதும், ஏரிகள் நிரம்பிக் கலங்கல் பாய்வதும், அடுத்த கோடைக்குக் கிணற்றில் ஊற்று இருப்பதும் பெரும்பாலும் இந்தத் தாழ்வு மண்டலங்களின் கொடைதான். ஒரே மேகம் வருவாயாகவும் அழிவாகவும் வருவதைப் பழைய சொல் பிரிக்காமல் வைத்திருந்தது.

வட இந்தியப் பெருங்கடலின் புயல்களுக்கு 2004-இலிருந்து நாடுகள் பெயர் கொடுக்கின்றன. 2020-இல் 13 நாடுகள் சேர்ந்து 169 பெயர்களின் புதிய பட்டியலை வெளியிட்டன. அதில் இந்தியா கொடுத்தவற்றில் இரண்டு தமிழ்: ஒன்று முரசு, இன்னொன்று நீர். பேரகராதி புயலுக்குக் கொடுத்த பொருள்களில் ஒன்று, ஒரு புயலின் பெயராகவே அந்தப் பட்டியலில் இருக்கிறது.